ரோமர் 8, 9 வாலிபர் வேதபாடம்: முன்குறித்தலை எங்கே தொடங்கி எப்படிச் சொல்வது?

சென்னிமலை_பாவு (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கங்க. வாலிபர் கூடுகையில பவுல் எழுதின ரோமர் நிருபம் போயிட்டிருக்கு. ஏழாம் அதிகாரம் வரைக்கும் சிக்கல் இல்லை. அடுத்த நாலு வாரம் 8-ம் 9-ம். பாட்டு, ஜெபம் போக 40 நிமிஷம்தான் பாடம். காலேஜ் முடிச்சவங்க, தறி ஓட்டறவங்க, பனியன் கம்பெனிக்குப் போறவங்க எல்லாம் கலந்துதான் வர்றாங்க. இப்பவே கேட்கற கேள்விகள் இதுங்க:

யார் இரட்சிக்கப்படணும்னு கடவுள் முன்னாலயே தீர்மானிச்சு முன்குறிச்சாச்சுன்னா ஞானஸ்நானம், ஜெபம், சுவிசேஷம் எல்லாம் எதுக்கு? இது நம்ம ஊர்ல சொல்ற தலையெழுத்துதானே? பொறக்கறதுக்கு முன்னாலயே யாக்கோபை நேசிச்சு, அவன் அண்ணன் ஏசாவை வெறுத்தாருன்னா அது நியாயமா? ஒருதடவை இரட்சிக்கப்பட்டா போகவே போகாதுன்னு யூடியூப்ல கேட்டுட்டு வர்றாங்க, ருசிபார்த்துட்டு விலகிப்போனவங்களைப் பத்தி எபிரெயர் 6 வேற மாதிரி சொல்லுதே? கடைசியா, நம்ம சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) இதுல எந்தப் பக்கம்?

எந்த வரிசையில நடத்தினா குழப்பம் குறையும், வழக்கமா எங்க சறுக்கும்னு சொன்னீங்கன்னா நெம்ப உதவியா இருக்கும்.

காலிங்கராயன்_மதகு

தம்பி, முதல் வாரத்தை முன்குறித்தலுக்குக் கொடுக்காதீங்க, சொற்களுக்குக் கொடுங்க. இந்தப் பாடத்தில் வரும் குழப்பத்தில் பாதி பவுலிடமிருந்து வருவதில்லை; நம் வேதாகமத்தின் 19-ஆம் நூற்றாண்டுத் தமிழிலிருந்து வருகிறது.

எபேசியர் 1:4-ஐ வாசிக்கச் சொல்லி, ‘நம்மைத் தெரிந்துகொண்டபடியே’ என்றால் என்ன என்று ஒரு துண்டுத்தாளில் எழுதச் சொல்லுங்க. ‘நம்மைப் பற்றி அறிந்துகொண்டார்’ என்று எழுதுபவர்கள் கட்டாயம் இருப்பார்கள். இன்றைய பேச்சில் ‘தெரிஞ்சுக்கிட்டேன்’ என்றால் அதுதானே பொருள். பழைய மொழிபெயர்ப்பில் அது ‘தேர்ந்தெடுத்தல்’. யோவான் 15:16-லும் அதே சொல்: ‘நீங்கள் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை, நான் உங்களைத் தெரிந்துகொண்டேன்’. இதைத் திருத்தாமல் மேலே போனால், தெரிவும் (தேர்ந்தெடுத்தலும்) முன்னறிவும் ஒன்றுதான் என்று பாதி வகுப்பு தன்னையறியாமல் முடிவுகட்டிவிடும். அந்தக் கேள்வியில்தான் சபைகள் 400 வருஷமாக மல்லுக்கட்டுகின்றன. ஒரு பழைய சொல்லால் அது தீர்ந்துபோகக் கூடாது.

‘கிரியை’ அடுத்த சொல். நம் பக்கம் கிரியை என்றால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கருமகாரியம். பவுல் சொல்வது செயல்: கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துச் செய்யும் எதுவும். மூன்றாவது ‘நீதிமானாக்குதல்’. தமிழில் ‘ஆக்கு’ வந்துவிட்டதால் ஆளை உள்ளுக்குள் மாற்றுவது போலக் கேட்கிறது. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல்லை நீதிமன்றச் சொல்லாக, ‘நீதிமான் என்று தீர்ப்புச் சொல்லுதல்’ என்று 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகளான லூத்தரும் கால்வினும் எடுத்தார்கள். ஆளை மாற்றுவதும் அதில் அடக்கம் என்பது கத்தோலிக்கர் நிலை. ஆக, சீர்திருத்தச் சபைகள் புழங்கும் தமிழ் வேதாகமத்தில் அவர்கள் மறுத்த பொருளின் வாசனை அடிக்கிறது. வேடிக்கைதான்.

பிறகு ஒரு கால் மணி நேரப் பயிற்சி. ‘முன்குறித்தல்’ என்பதற்கான கிரேக்க வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் ஆறே இடத்தில் வருகிறது: அப்போஸ்தலர் 4:28, ரோமர் 8:29, 8:30, 1 கொரிந்தியர் 2:7, எபேசியர் 1:5, 1:11. ஒவ்வொன்றிலும் ‘எதற்கு’ முன்குறித்தார் என்று மட்டும் எழுதச் சொல்லுங்க. சிலுவை, குமாரனுடைய சாயல், அழைப்பு, நம் மகிமைக்கான ஞானம், புத்திரசுவிகாரம் (பிள்ளையாகத் தத்தெடுத்தல்), சுதந்தரம் (வாரிசுச் சொத்து) என்று வரும். நரகத்துக்கு முன்குறித்தார் என்று ஆறில் ஒன்றுகூட இல்லை. ஆனால் உடனே நேர்மையாக இதையும் சொல்லிவிடுங்க: கேட்டுக்கும் (அழிவுக்கும்) முன்தீர்மானம் உண்டு என்பவர்கள் இந்தச் சொல்லை வைத்து வாதிடவில்லை, ரோமர் 9, 1 பேதுரு 2:8, யூதா 4 ஆகியவற்றை வைத்து வாதிடுகிறார்கள். இதை மறைத்தால், இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் ஒருவர் எழுந்து கேட்பார்.

இரண்டாம் வாரம் எபேசியர் 2:8–10: ‘கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்; இது உங்களால் உண்டானதல்ல’. கூடவே ரோமர் 4:4–5. ‘கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்.’ தறிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சோமனூர், பல்லடம் பக்கம் கூலி ஒப்பந்தம் என்றாலே ஓட்டின துணிக்கு வந்தே ஆக வேண்டிய பணம், தராவிட்டால் கேட்டு வாங்கலாம். பவுல் சொல்வது: இரட்சிப்பு அந்த நோட்டில் எழுதும் கணக்கு இல்லை. இங்கே சறுக்குவது ஒரே இடத்தில். ‘விசுவாசத்தைக்கொண்டு’ என்பதை, கிரியைக்குப் பதிலாக இப்போது விசுவாசத்தைக் கூலிக்கான வேலையாகக் கேட்கிறார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் ‘என் விசுவாசம் போதுமா, பத்தாதா’ என்று எடைபோடும் வேலை தொடங்கிவிடும். விசுவாசம் வாய்க்கால் மாதிரி. கீழ்பவானி வாய்க்கால் ஒரு சொட்டுத் தண்ணியையும் உண்டாக்குவதில்லை. பவானிசாகரிலிருந்து வருவதைக் கொண்டுவந்து சேர்க்கிறது. ‘இது உங்களால் உண்டானதல்ல’ என்பதில் உள்ள ‘இது’ கிரேக்கத்தில் அஃறிணைப்பால். கிருபை, விசுவாசம் இரண்டும் அங்கே பெண்பால் சொற்கள். அதனால் ‘இது’ தனியாக விசுவாசத்தைச் சுட்டவில்லை, முழு ஏற்பாட்டையும் சுட்டுகிறது என்பதே இலக்கணப்படி பொருத்தம். பத்தாம் வசனத்தை விட்டுவிடாதீங்க. நற்கிரியை அங்கேதான் வருகிறது, காரணமாக அல்ல, விளைவாக.

முன்குறித்தலுக்கு மூன்றாம் வாரம்தான் சரியான இடம். கால்வினே அப்படித்தான் செய்தார். அவருடைய பெருநூலின் 1559 இறுதிப் பதிப்பில் தெரிவைப் பற்றிய பகுதி மூன்றாம் புத்தகத்தில், 21 முதல் 24 வரையான அதிகாரங்களில் இருக்கிறது. விசுவாசம், நீதிமானாக்கப்படுதல், ஜெபம் எல்லாம் முடிந்த பிறகு. பவுலும் ரோமரில் எட்டாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியில்தான் அங்கே வருகிறார். கடவுளின் ஆணை என்று தலைப்பில் தொடங்கி இறங்கி வருகிறவர்களுக்குக் கணக்கு சரியாக வரும், ஆனால் கேட்பவர்கள் முகம் வெளுத்துப்போகும். ரோமர் 8-ஐ 39-ஆம் வசனத்திலிருந்து பின்னோக்கி நடத்திப் பாருங்க: எதுவும் பிரிக்காது, ஏன் பிரிக்காது, யார் குற்றஞ்சாட்டுவது, யார் நீதிமானாக்கினது, அதற்கு முன் யார் அழைத்தது, அதற்கும் முன்? அப்போது 29–30 ஆறுதலாகக் கேட்கும். அந்த வசனங்கள் உபத்திரவத்தில் இருந்தவர்களுக்கு எழுதப்பட்டவை.

நாலாம் வாரம் 9, 10, 11 மூன்றும் சேர்த்துத்தான். ஒன்பதை மட்டும் நடத்தி நிறுத்தினால் பாதி வாக்கியத்தில் எழுந்து போன மாதிரி. மொத்தம் 90 வசனம், நிதானமாக வாசித்தால் கால் மணி நேரம். அதைப் பற்றித் தனியாகக் கீழே எழுதுகிறேன்.

அமராவதி_கரை

அண்ணா வாய்க்கால் உவமையில் பாதியோடு நிறுத்திட்டீங்க. மதகு ஷட்டரை யார் தூக்கறது? சண்டையே அங்கதானுங்க.

மெதடிஸ்ட் பக்கத்தைச் சொல்லும்போது ‘கடவுள் பாதி, மனுஷன் பாதி’ என்று சொல்லிவிடாதீர்கள். அது மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியின் போதனை அல்ல. மனுஷன் தன் சொந்தப் பலத்தால் கடவுளிடம் வரமுடியும் என்று பெலாகியஸ் சொன்னதை 418-இல் கார்த்தேஜ் சங்கம் தள்ளிவிட்டது, வெஸ்லியும் தள்ளுகிறார். பாவத்தில் செத்தவன் செத்தவன்தான். வித்தியாசம் அடுத்த படியில்: கடவுள் எல்லா மனுஷருக்கும் முந்திவருகிற கிருபையைக் கொடுத்திருக்கிறார் (தீத்து 2:11, யோவான் 1:9), ஷட்டரைத் தூக்கும் பலமே அந்தக் கிருபை தந்தது, ஆனால் அதைத் திரும்ப அழுத்தி மூடவும் மனுஷனால் முடியும். கால்வின் வழி வந்தவர்களோ, தெரிந்துகொள்ளப்பட்டவனிடம் வரும் கிருபை ஷட்டரையும் தானே தூக்கிவிடும், கடைசிவரை அது தோற்காது என்பார்கள் (யோவான் 6:37, 44).

தெரிவைப் பற்றியும் அப்படித்தான். ரோமர் 8:29-லும் 1 பேதுரு 1:2-லும் முன்னறிவு முதலில் வருவதால், யார் விசுவாசிப்பார்கள் என்று அறிந்து தெரிந்துகொண்டார் என்பது, ஆர்மீனியஸ் என்ற டச்சு இறையியலாளர் வழி வந்த ஆர்மீனிய வாசிப்பு. வெஸ்லியும் அந்தப் பக்கம்தான். மறுபக்கம் சொல்வது: வேதத்தில் ‘அறிதல்’ என்பது தகவல் அல்ல, அன்பு வைத்தல், ஆமோஸ் 3:2-இல் இஸ்ரவேலை மட்டும் அறிந்தேன் என்கிறாரே, மற்ற ஜாதிகளைப் பற்றித் தகவல் தெரியாதா? இரண்டையும் கரும்பலகையில் எதிரெதிராக எழுதிவிட்டு, அவர்களையே 8:29-இல் ‘எவைகளை’ என்று இருக்கிறதா, ‘எவர்களை’ என்று இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்க. (எவர்களை. இது எங்கள் மெதடிஸ்ட் பக்கத்துக்குக் கொஞ்சம் சங்கடமான இடம்தான், ஒத்துக்கொள்கிறேன்.) பதிலுக்குக் கால்வின் பக்கத்தாருக்குச் சங்கடமான இடம் 1 தீமோத்தேயு 2:4, 2 பேதுரு 3:9: எல்லாரும் மனந்திரும்பி இரட்சிக்கப்படக் கடவுள் விரும்புகிறார் என்பவை.

வரலாறு கேட்டால் நாலு வரி போதும். ஆர்மீனியஸ் இறந்தது 1609. அவர் மாணவர்கள் 1610-இல் கால்வின் மரபுக்கு மறுப்பாக ஐந்து அம்சம் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பதில் சொல்ல 1618–19-இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கால்வின் மரபுச் சபைகளின் சங்கம் கூடியது. விசுவாசி விழுந்துபோக முடியுமா என்ற ஐந்தாம் அம்சத்தை 1610-இல் அவர்களே முடிவுசெய்யாமல், வேதத்தில் இன்னும் ஆராய வேண்டும் என்று விட்டிருந்தார்கள். கால்வின் மரபின் ஐந்து அம்சங்களை ஆங்கில முதலெழுத்தால் சொல்லும் ‘ட்யூலிப்’ (TULIP) சுருக்கத்தை வைத்து யாராவது நடத்தினால் ஒன்று கவனிங்க: சங்கத்தின் வரிசை அது இல்லை. அவர்கள் தெரிவில் தொடங்கி, கிறிஸ்துவின் மரணம், பிறகு மனுஷனின் கேடும் மனந்திரும்புதலும் சேர்த்து, கடைசியில் நிலைநிற்றல் (விசுவாசத்தில் முடிவுவரை நிற்பது) என்று போனார்கள்.

சி.எஸ்.ஐ. எந்தப் பக்கம் என்பதற்கு நம்ம ஊரே பதில். கோயம்புத்தூருக்கு 1830-இல் ஆடிஸ் என்ற மிஷனரி வந்தது லண்டன் மிஷன் சார்பில். சேலத்தில் அதற்குச் சற்று முன்பே வேலை தொடங்கிவிட்டது. ஈரோடும் அந்த மிஷன்தான். 1795-இல் அது தொடங்கியபோது ஆதரித்தவர்கள் பெரும்பாலும் கால்வின் மரபினர். ஆனால் எந்தச் சபை அமைப்பையும் அனுப்புவதில்லை, சுவிசேஷத்தை மட்டுமே அனுப்புவது என்று அடுத்த வருஷமே அடிப்படை விதி வைத்துக்கொண்டார்கள். கரூர், தாராபுரம் பக்கமோ வெஸ்லியன் மிஷன். ஒரே கொங்குநாட்டில் இந்த விவாதத்தின் இரண்டு கரையும் இருந்தன. லண்டன் மிஷன் சபைகள் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபைக்குள் போய், 1947 செப்டம்பர் 27-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனது. அந்த இணைப்பின் அடிப்படை வேதாகமமும், அப்போஸ்தலர், நிசேயா விசுவாசப் பிரமாணங்களும்தான். முன்குறித்தல் பற்றி ஒரு விளக்கத்தை யாரும் கையெழுத்துப் போட்டு ஏற்க வேண்டியதில்லை. அதனால் ‘நம் சபை கால்வின் சபை’ என்றோ ‘ஆர்மீனிய சபை’ என்றோ வகுப்பில் சொன்னால் இரண்டும் தப்பு.

கருமத்தம்பட்டி_மணி

வகுப்பில் கத்தோலிக்க நண்பர்கள், உறவுக்காரர்கள் பற்றிப் பேச்சு வரும் என்பதால் இதைச் சேர்க்கிறேன். ‘கத்தோலிக்கர் கிரியையால் மீட்பு என்கிறார்கள்’ என்பது பரவலாகச் சொல்லப்படும் தவறு. கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து பொதுச்சங்கம் 1547-இல் ஆறாம் அமர்வில் போட்ட முதல் விதியே, கிறிஸ்துவின் அருள் இல்லாமல் சொந்தச் செயலால் ஒருவர் கடவுளுக்கு ஏற்புடையவராகலாம் என்பவரைத் தள்ளுகிறது. ஏற்புடையவராவதற்கு முன்னால் வரும் எதுவும், நம்பிக்கையோ செயலோ, அந்த அருளை ஈட்டித் தராது என்று எட்டாம் அதிகாரம் சொல்கிறது. அதற்கும் ஆயிரம் ஆண்டு முன்னால், 529-இல் ஓரஞ்சு சங்கம், நம்பிக்கையின் தொடக்கமே கொடைதான் என்று அகுஸ்தீனார் பக்கம் நின்றது. தீமைக்கென்று கடவுள் யாரையும் முன்குறித்தார் என்பதையும் அதே சங்கம் வன்மையாக மறுத்தது. திருச்சபையின் மறைக்கல்வி நூல் எண் 1037-உம், நரகத்துக்குப் போகும்படி கடவுள் யாரையும் முன்குறிப்பதில்லை என்கிறது.

உண்மையான வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. ஏற்புடையவரான பிறகு அருளால் செய்யும் நற்செயலுக்குப் பேறு (கடவுள் தரும் பலனுக்குரிய தகுதி) உண்டு என்பது எங்கள் போதனை. அங்கே உங்கள் சபைகள் தயங்கும். தனி வெளிப்பாடு இல்லாமல் ‘நான் முன்குறிக்கப்பட்டவர்களில் ஒருவன்’ என்று ஒருவர் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்பது திரிதெந்தின் 12-ஆம் அதிகாரம். அங்கே கால்வின் மரபு எதிர்ப்புறம் நிற்கும்.

சொற்கள் மாறும் என்பதையும் கவனியுங்கள். பொது மொழிபெயர்ப்பில் கிருபைக்கு அருள், இரட்சிப்புக்கு மீட்பு, விசுவாசத்துக்கு நம்பிக்கை, நீதிமானாக்குதலுக்கு ஏற்புடையோராக்குதல். ஒரே வசனத்தை இரண்டிலும் வாசித்தால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

எங்கள் வீட்டுக்குள்ளும் இது தீர்ந்துவிடவில்லை. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோமினிக்கன் சபையாரும் இயேசு சபையாரும் அருளும் மனுஷ சித்தமும் எப்படிச் சேர்கின்றன என்று உரோமையில் பல ஆண்டுகள் வழக்காடினார்கள். 1607-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் தீர்ப்புச் சொல்லாமல், ஒருவரையொருவர் தப்பறைக்காரர் (தவறான போதனைக்காரர்) என்று சொல்லக் கூடாது என்று மட்டும் சொல்லி முடித்தார். ஏற்புடையோராக்குதல் பற்றி லூத்தரன் உலக ஒன்றியத்தோடு கூட்டறிக்கை ஆனது 1999 அக்டோபர் 31, ஆக்ஸ்பர்க்கில். மெதடிஸ்ட்கள் 2006-லும் சீர்திருத்தச் சபைகள் 2017-லும் அதில் இணைந்தார்கள். வகுப்பில் இதைச் சொன்னால் பழைய வசைகளைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்காது.

பேரூர்_பக்கம்

தலையெழுத்து கேள்வியை யாரும் தொடவில்லையே. சைவ சித்தாந்தம் படித்தவர்களோடு பேச வேண்டிவந்தால் இதைத் தெளிவாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

தலையெழுத்து என்று ஊரில் சொல்வது வெறும் கண்மூடித்தனமான விதி அல்ல. அவரவர் முன்வினையின் கணக்கு. தலையில் எழுதினவன் யாராக இருந்தாலும் எழுதப்பட்டது நம் பழைய பற்றுவரவுதான். ரோமர் 9:11-ஐத் தமிழில் பாருங்கள்: ‘பிள்ளைகள் இன்னும் பிறவாமலும், நல்வினை தீவினை ஒன்றும் செய்யாமலுமிருக்கையில்’. மொழிபெயர்த்தவர் வேண்டுமென்றே ‘வினை’ என்ற சொல்லைப் போட்டாரோ என்னவோ, கேள்விக்குப் பதில் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. எந்த வினையையும் பார்க்காமல் வரும் அழைப்பு என்பதுதான் பவுலின் வாதம். தலையெழுத்துக்கு நேர்எதிர்.

சைவத்திலும் அருள்தான் முடிவு. ஆனால் இருவினையொப்பு (நல்வினை தீவினை இரண்டையும் ஒன்றாகக் காணும் மனநிலை), மலபரிபாகம் (ஆணவ மலம் கழலத் தக்க நிலை) வந்த பக்குவத்தில் சத்திநிபாதம், அதாவது அருள் பதிதல், என்பார்கள். அருள் பக்குவத்தை நோக்கி வருகிறது. பவுலிடம் பக்குவமே இல்லாதவனிடம் வருகிறது: ரோமர் 5:8, ‘நாம் பாவிகளாயிருக்கையில்’. வைணவத்தில் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி உவமை எல்லாருக்கும் தெரியும். தாயைப் பிடித்துக்கொள்ளும் குட்டி, தாய் கவ்விக்கொண்டு போகும் குட்டி. வகுப்பில் சொல்லலாம், சட்டென்று பிடிபடும். ஆனால் பூனைக்குட்டி = கால்வின், குரங்குக்குட்டி = வெஸ்லி என்று ஒட்டிவிடாதீர்கள். வெஸ்லியின் குட்டிக்குப் பிடிக்கும் கையையே தாய்தான் தருகிறாள் என்று மேலே அமராவதிக்காரர் சொன்னதை மறந்துவிடுவார்கள்.

சென்னிமலை_பாவு

நெம்ப நன்றிங்க. ரெண்டு விஷயம் பாக்கி. எபிரெயர் 6. அப்புறம், ஒருத்தர் தனியா வந்து ‘நான் தெரிந்துகொள்ளப்பட்டவனான்னு எப்படித் தெரியும்’னு பயந்து கேட்டா என்ன சொல்றது?

பவானி_கூடல்

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பயந்து கேட்பவரிடம் டார்ட், வெஸ்லி எதுவும் பேசாதீர்கள். எபேசியர் 1:3–14-ஐக் கையில் கொடுத்து ‘கிறிஸ்துவுக்குள்’, ‘அவருக்குள்’ என்பது எத்தனை தடவை வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். தெரிவு ஒரு ரகசியப் பட்டியலில் அல்ல, ஒரு ஆளுக்குள் இருக்கிறது. கிறிஸ்துவே நம் தெரிவைப் பார்க்கும் கண்ணாடி, நமக்குள்ளே தேடினால் கிடைக்காது என்று சொன்னவர் கால்வின்தான். அதனால் ‘நான் பட்டியலில் இருக்கிறேனா’ என்ற கேள்வியை ‘அவரிடம் வருகிறேனா’ என்று திருப்பிவிடலாம். ‘என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை’ (யோவான் 6:37). தெரிவுக்கு ஆதாரமாகக் காட்டும் அதே வசனத்தின் பின்பாதி அது.

தவறாகப் பார்க்கும் அடையாளங்கள் பல. வியாபாரம் நன்றாக ஓடுவது, ஜெபத்தில் கண்ணீர் வருவது, அந்நியபாஷை வந்தது வராதது. இவற்றை வைத்து அளந்தால் நன்றாயிருக்கும்போது அகம்பாவம், சரிந்தால் நரகபயம். ‘தெரிந்துகொள்ளுதலையும் உறுதியாக்கும்படி’ என்ற 2 பேதுரு 1:10-க்கு முன்னால் விசுவாசத்தோடு கூட்ட வேண்டிய ஏழு காரியங்கள் வருகின்றன, தைரியத்தில் தொடங்கி அன்பில் முடியும். அங்கே உறுதியாகிறது கடவுளின் தீர்மானம் அல்ல, அதைப் பற்றிய நம் நிச்சயம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தூக்கமில்லை, சாப்பாடில்லை, ‘நான் கைவிடப்பட்டவன்’ என்று வாரக்கணக்கில் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்றால் அது உபதேசக் கேள்வி மட்டும் அல்ல. ஆயரய்யாவிடமும் வீட்டாரிடமும் பேசி, டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

‘அப்படியென்றால் எதுவும் செய்ய வேண்டாமா’ என்பதற்கு அப்போஸ்தலர் 27 போல் பாடம் இல்லை. கப்பலில் 276 பேர். ஒருவர் உயிரும் சேதமாகாது என்று 22–24-இல் கடவுளின் வாக்கு. 31-இல் கப்பலாட்கள் படகில் நழுவப் பார்க்கும்போது, ‘இவர்கள் கப்பலிலிராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்’ என்கிறார் அதே பவுல். முடிவும் உறுதி, வழியும் கட்டாயம். சுவிசேஷம் எதற்கு என்பதற்கு 18:10: ‘இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு’. அதைக் கேட்டு பவுல் மூட்டை கட்டவில்லை, கொரிந்துவில் ஒன்றரை வருஷம் தங்கிப் போதித்தார்.

எபிரெயர் 6:4–6-க்கு மூன்று வாசிப்பு உண்டு. மெய்யான விசுவாசிகள் மறுதலித்துப் போகமுடியும் என்பது வெஸ்லி வழி. ருசிபார்த்தார்கள், ஆனால் வேர்விடவில்லை என்பது கால்வின் வழி. எச்சரிப்பு மெய்யானது, விசுவாசிகளை விழாமல் காப்பதற்குக் கடவுள் எடுக்கும் கருவியே அந்த எச்சரிப்பு என்பது மூன்றாவது. எந்த வாசிப்பை எடுத்தாலும் 7–8-ஐயும் 9-ஐயும் விளக்கியாக வேண்டும். 7–8 நம்ம மானாவாரிக் காட்டுக்காரர்களுக்குத் தெரிந்த படம்: ஒரே மழையைக் குடித்த இரண்டு நிலம், ஒன்று பயிர், ஒன்று முள். 9-இல் ‘உங்களிடத்தில் இரட்சிப்புக்குரியவை உண்டென்று நம்பியிருக்கிறோம்’ என்று திரும்பிவிடுகிறார்.

யூடியூப் வாசகத்தைப் பற்றி: ‘ஒருதடவை ஜெபம் சொல்லிக் கையைத் தூக்கினால் போதும், பிறகு எப்படி வாழ்ந்தாலும் சரி’ என்பதை டார்ட் சொல்லவே இல்லை. பரிசுத்தவான்கள் தாவீதைப் போல, பேதுருவைப் போல மோசமாக விழலாம், ஆனால் கடவுள் அவர்களை மனந்திரும்பப் பண்ணி விசுவாசத்தில் நிலைநிறுத்துவார் என்பதே ஐந்தாம் தலைப்பு. நிலைநிற்றல் இல்லாத நிச்சயம் அந்த மரபில் கிடையாது.

வாய்க்கால் உவமையைச் சொல்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கீழ்பவானியில் 2.07 லட்சம் ஏக்கருக்கும் ஒரே சமயத்தில் தண்ணி பத்தாது என்பதால் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறைவைத்து விடுகிறார்கள். யாராவது ‘அதனால்தான் சிலருக்குக் கிருபை, சிலருக்கு இல்லை’ என்று கொண்டுபோவார்கள். உவமை அங்கே முறியட்டும். கிருபை பற்றாக்குறையால் பங்கிடப்படுகிறது என்று எந்தத் தரப்பும் சொல்வதில்லை. கிறிஸ்துவின் மரணத்தின் மதிப்பு முழு உலகத்தின் பாவத்துக்கும் போதுமானதற்கு மேல் என்று டார்ட் தீர்மானத்திலேயே இருக்கிறது.

காலிங்கராயன்_மதகு

நாலாம் வாரத்துக்குச் சொன்னபடி.

ஏசா கேள்விக்கு மூன்று படி. ஒன்று, 9:13-இல் மேற்கோள் மல்கியா 1:2–3. அங்கே பேச்சு ஏசாவின் சந்ததியான ஏதோம் ஜனத்தைப் பற்றி. 9:12-இன் மேற்கோளான ஆதியாகமம் 25:23-உம் ‘இரண்டு ஜாதிகள்’ என்கிறது. இரண்டு, எபிரேய வழக்கில் ‘வெறுத்தல்’ ஒப்பீட்டுச் சொல்லாகவும் வரும். தகப்பனையும் தாயையும் வெறுக்க வேண்டும் என்ற லூக்கா 14:26-ஐ யாரும் அப்படியே எடுப்பதில்லையே. மூன்று, இதோடு எல்லாம் சரியாகிவிடாது. 9:14-இல் ‘தேவனிடத்திலே அநீதி உண்டென்று சொல்லலாமா’ என்ற கேள்வியைப் பவுலே எழுப்புகிறார் என்றால், வகுப்பில் எழும் கேள்வி சரியான இடத்தில்தான் எழுகிறது. அதை மழுப்பினால் வசனத்தை மழுப்பினதாகும்.

22–23-ஐத் தமிழிலேயே கவனிக்கச் சொல்லுங்க. கோபாக்கினைப் பாத்திரங்கள் ‘அழிவுக்கு எத்தனமாக்கப்பட்ட’; கிருபாபாத்திரங்கள் ‘தாம் மகிமைக்காக எத்தனமாக்கின’. எத்தனமாக்குதல் என்றால் ஆயத்தமாக்குதல். ஒன்றில் யார் ஆக்கினது என்று சொல்லவில்லை, மற்றதில் ‘தாம்’ என்று இருக்கிறது. கிரேக்கத்திலும் இந்த ஏற்றத்தாழ்வு உண்டு. இதைப் பிடித்துத்தான் லூத்தரன்கள், 1577-இல் ஒப்புக்கொண்ட தங்கள் அறிக்கையின் 11-ஆம் பகுதியில், இரட்சிப்புக்குத் தெரிவு உண்டு, கேட்டுக்கு அதேபோல் இன்னொரு தெரிவு இல்லை என்று நின்றார்கள். லாஜிக்காக யோசிப்பவர்கள் ‘ஒன்றைத் தெரிந்தால் மற்றதை விட்டதாகத்தானே அர்த்தம்’ என்பார்கள். லூத்தரன்கள் அதற்குப் பதில் சொல்ல மறுத்துவிடுவார்கள். அதுவும் ஒரு நிலைப்பாடு என்று சொல்லிக்கொடுங்க.

குயவன் உவமைக்கு எரேமியா 18-ஐயும் திறந்துவைத்துக்கொள்ளுங்க. அங்கே கெட்டுப்போன களிமண்ணைக் குயவன் தூக்கி எறிவதில்லை, வேறு பாத்திரமாக வனைகிறான். 7–8-இல் ஜனம் திரும்பினால் நானும் மனஸ்தாபப்படுவேன் (தண்டிக்கும் எண்ணத்தை மாற்றுவேன்) என்கிறார்.

நேரம்: 9-க்கு 20 நிமிஷம், 10:9–17-க்கு 8, 11-க்கு 12. பத்தை விட்டுவிடுவதுதான் வழக்கமான தப்பு. ‘பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள்’ என்பது ஒன்பதை எழுதிய அதே கை எழுதியது. 90 வசனத்தையும் வீட்டில் வாசித்துவிட்டு வரச் சொல்லிவிடுங்க, இல்லாவிட்டால் இந்தக் கணக்கு ஒத்துவராது. 11:32-இல் ‘எல்லார்மேலும் இரக்கமாயிருக்க’ என்று வந்ததும் அடுத்த கேள்வி வரும்: ‘எல்லாரும்னா எல்லாருமா?’ அதற்கு இந்த நாலு வாரம் போதாது. ஐந்தாவது வாரம் ஒன்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்க.